கோழி விழுங்கிய கடல் முத்து

போன வாரம் என் கடைக்குட்டிப் பெண் ஒரு முத்தை விழுங்கிவிட்டாள். முத்து என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாலையில் ஒரு மணி. அதை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், "ம்மா, அது போயிடுச்சு" என்றாள். எங்கே போயிற்று என்று கேட்டதற்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம் நான் எப்படி ரிக்‌ஷா பிடித்தேன், காலில் செருப்பு இருந்ததா இல்லையா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இருந்தது என்கிறார் என் கணவர். ஒரு காலில் என்னுடையது, இன்னொரு காலில் அவருடையது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது என்றார். ஆபரேஷனா என்று கேட்டேன். வாழைப்பழம் என்றார். "பொறுமையா இருங்கம்மா, உள்ள போனது தானா வெளிய வந்துடும்."

மறுநாள் சாயங்காலம் அது வெளியே வந்துவிட்டது. குழந்தை அதற்கு முன்பே மாடிப்படியிலிருந்து குதித்து விளையாட ஆரம்பித்திருந்தாள். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. இன்றைக்கும் அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

அது வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தபோது டாக்டர் சொன்ன அந்தப் 'பொறுமை' என்கிற வார்த்தையே மனசில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் முன்பு ஒரு முத்துக்காகப் பகல் முழுக்கவும் ராத்திரி முழுக்கவும் பொறுமையாக இருந்தோம். அதனாலேயே காரியம் கெட்டது. அப்போது விழுங்கியது குழந்தையில்லை, கோழி. முத்தும் பிளாஸ்டிக் இல்லை, தூத்துக்குடிக் கடலில் எடுத்த அசல் முத்து.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் ஆட்கள் முகையூர்ப் பக்கம். நிலம் வைத்திருந்தவர்கள் இல்லை, நிலம் வைத்திருந்தவர்களுக்கு வேலை செய்தவர்கள். அப்பாதான் முதன்முதலில் ரயில்வேயில் சேர்ந்து வெளியே வந்தவர். அவருக்குச் சொந்தமாக இருந்தவை ஒரு காக்கிச் சட்டை, கொஞ்சம் வாய்ப்பேச்சு, வருஷத்துக்கு ஒரு தரம் கிடைக்கும் ரயில் பாஸ்.

அந்தப் பாஸில்தான் அவர் தூத்துக்குடிக்குப் போனார். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. முத்துக் குளிப்பு என்பது வருஷா வருஷம் நடப்பதில்லை. சிப்பி முற்றியிருக்கிறது என்று சர்க்கார் பார்த்துச் சொன்னால்தான் படகு இறங்கும். அப்படிச் சொல்லிவிட்டால் ஊர் உலகமெல்லாம் அங்கே கூடிவிடும். அங்கே ஏலம் போவது முத்தில்லை, சிப்பி. கடலிலிருந்து வந்த சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக விற்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. பெரிய வியாபாரிகளுக்கு அது தொழில். ஆயிரக்கணக்கில் வாங்கினால் சராசரியில் தேறிவிடும். அப்பா மாதிரி ஆட்களுக்கு அது சூதாட்டத்துக்குக் கொஞ்சம் மேலே.

அப்பா அரை மூட்டை வாங்கினார். கத்தியால் பிளந்தால் முத்தில் கீறல் விழும் என்று பயம். அதனால் சிப்பியை அப்படியே அழுக விடுவார்களாம். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு தண்ணீரில் அலசினால் அடியில் முத்து தங்கும். ஆனால் அப்பாவின் லீவு முடிந்துவிட்டது. அழுகட்டும், வீட்டில் போய் அழுகட்டும் என்று மூட்டையைத் தோளில் போட்டு ரயில் ஏறிவிட்டார்.

மணியாச்சி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மதுரையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார். திருச்சி வருவதற்குள் பெட்டி காலி. அப்பா தன் வாழ்நாளில் காலை நீட்டிப் படுத்து வந்த மூன்றாம் வகுப்புப் பயணம் அது ஒன்றுதான். வழியில் கார்டு வந்து, பார்சல் வேனில் போடச் சொன்னாராம். போட்ட பிறகு அவரே மறுபடி வந்து, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

அம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதிது. கொல்லையில் அந்த மூட்டையை வைத்ததும் குவார்ட்டர்ஸ் வரிசையே மூக்கைப் பிடித்துக்கொண்டது. ரயில்வே இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, "அந்தோணி, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று தணிந்த குரலில் விசாரித்ததாக அப்பா சொல்வார். அம்மாதான் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு அதையெல்லாம் அலசியவள். கடைசியில் தேறியது கொத்தமல்லி விதை அளவு ஒரு முத்தும், ஒரு சிட்டிகைத் தூள் முத்தும். தூள் முத்து பஸ்பத்துக்காக வைத்தியர் வீட்டுக்குப் போயிற்று. பெரிய முத்து தங்கத்தில் பதிந்து அம்மாவின் மூக்குக்குப் போயிற்று. சிப்பி ஓடுகள் எங்களுக்கு, அதாவது எனக்கும் ரோசலி அக்காவுக்கும், சொப்புச் சாமான் ஆயின. வெளியே பார்த்தால் கரடுமுரடாகப் பாசி பிடித்த ஓடு. உள்ளே திருப்பினால் மழைத் தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியதுபோல நிறம் ஓடும். அதில் மண் சோறு சமைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். எந்த ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் அப்படித் தட்டு இருந்திருக்காது.

அந்த மூக்குத்தியைப் பற்றி யார் கேட்டாலும் போதும், அப்பா தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவிடுவார். நல்ல வேளை, வண்டி வருகிற நேரத்தில் யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு அந்த முத்துக்கு ஒரு வேலை வந்தது. ரோசலி அக்கா எட்டாவது தேறியிருந்தாள். எங்கள் உறவில் எட்டாவது வரை போன முதல் பெண். திண்டிவனத்தில் பெண்களுக்கு வாத்தியார் டிரெயினிங் கொடுக்கும் பள்ளியில் இடம் கிடைத்தது. தங்கிப் படிக்க வேண்டும். சாப்பாட்டுக் கட்டணம், வெள்ளைப் புடவைகள், ஒரு தகரப் பெட்டி என்று பெரிய செலவு. அப்பா சம்பளத்தில் அது நடக்காது. படிக்கப் போகாவிட்டால் அக்காவுக்கு முகையூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான், அவனோடு நாற்று நடவும் களை பறிக்கவும் போக வேண்டியதுதான். அம்மா ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று மூக்குத்தியைக் கழற்றினாள். "இத்த வித்துடலாம். எம் பொண்ணு சாக்பீசு புடிக்கட்டும்" என்றாள். அப்பா அன்றைக்கு மட்டும் தூத்துக்குடி பற்றி எதுவும் பேசவில்லை.

முத்து விற்க வேண்டுமென்றால் பாய்தான். கோட்டக்குப்பத்துக்காரர். அவருடைய அண்ணன் சைகோனில் கடை வைத்திருந்தார். இவர் முத்து, பவளம், அத்தர் மூன்றையும் வைத்துக்கொண்டு புதுச்சேரி வண்டியில் வந்து விழுப்புரம், திண்டிவனம் என்று வீடு வீடாகப் போவார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலம், எல்லையில் கண்டமங்கலத்தில் சுங்கக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பிரித்துச் சோதிப்பார்கள். பாய் தன் மொத்தச் சரக்கும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் என்று சிரிப்பார். அவர் வந்துபோன பிறகு அரைநாளாவது எங்கள் வீட்டில் கரிப்புகையை மீறி மல்லிகை அத்தர் வீசும்.

அந்த வியாழக்கிழமை அவர் முத்தை உள்ளங்கையில் உருட்டி வெளிச்சத்தில் பிடித்தார். பல்லில் லேசாக உரசிப் பார்த்தார்.

"கடல் முத்துதான் தங்கச்சி, சந்தேகமே இல்ல. ஆனா மஞ்சளு, எண்ணெய், வேர்வை எல்லாம் குடிச்சிக்கினு கெடக்குது. மங்கிப் போச்சு."

"அதனால இன்னா பாய், முத்து முத்துதானே?" என்றார் அப்பா.

"முன்ன மாதிரி இல்லண்ணே. ஜப்பான்காரன் சிப்பிய புடிச்சி, வயித்துல கொட்டைய சொருகி, கத்திரிக்கா மாதிரி வெளைய வெச்சிக்கினு இருக்கான். பம்பாயில பெரிய பெரிய சேட்டுங்களே தலையில துண்டு போட்டுக்கினு குந்திக்கினு இருக்காங்க. நம்ம தொழிலே பேஜாரா போச்சு. பளபளப்பு இருந்தா, இது தானா வெளைஞ்ச அசல்னு சொல்லி நல்ல வெலைக்கித் தள்ளுவேன். இப்ப இருக்கிற இருப்புல நான் குடுக்கிறது உங்களுக்குப் பெட்டிக்குக்கூட பத்தாது."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் கை கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டே இருந்தது.

பாய் கிளம்பும்போது, தூத்துக்குடிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு என்றார். மங்கின முத்தைச் சோற்றில் வைத்துக் கோழிக்குக் கொடுப்பார்களாம். கோழியின் வயிற்றுப் புளிப்பு மேல் அழுக்கைத் தின்றுவிடும். உடனே அறுத்து எடுத்தால் முத்து புதிதாக மின்னும். "ஆனா ஜல்தியா அறுத்துடணும். அது கல்லயே அரைக்கிற வயிறு. நீங்க செய்யுங்கன்னு நான் சொல்லல, அப்படி ஒண்ணு இருக்குதுன்னு சொல்றேன். சனிக்கெழம திரும்பி வர்றேன்."

அப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை நைட் டூட்டி முடித்து வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். மூக்குத்தியிலிருந்து முத்தைக் குடைந்து எடுத்து, பழைய சோற்றில் உருட்டி, முட்டை வைத்துக்கொண்டிருந்த செவலைக் கோழியின் வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டார். கோழி ஒரு தரம் தலையை ஆட்டியது. அவ்வளவுதான். அக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளைவிட அவசரக்காரர் யாருமில்லை.

அம்மா கூடையில் மீனோடு வந்து சேர்ந்தாள்.

"வா வா, சட்டியை வை. கோழி அறுக்கப் போறோம்" என்றார் அப்பா.

அம்மா கூடையை இறக்கவில்லை. "இன்னிக்கு இன்னா கெழம தெரியுமா?"

"டூட்டி பாக்கிறவனுக்கு ஏது கெழம?"

"வெள்ளிக்கெழம. அதான் மீனு வாங்கியாந்திருக்கேன்."

நாங்கள் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை வாயில் கறி படக் கூடாது. அப்பாவுக்கு இது தெரியாததல்ல. ராத்திரியும் பகலும் மாறி மாறி வேலை செய்கிறவருக்கு வாரம் என்பதே குழம்பிக் கிடந்தது, அவ்வளவுதான்.

"சரி, அறுப்போம். தின்ன வேணாம்" என்றார்.

"தூக்கிப் போடவா அத்த வளத்தேன்?"

"பக்கத்து வீட்ல குடுத்துடு."

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தார். "வெள்ளிக்கெழமையில எங்கள எதுக்கு இழுக்கிறீங்க? எனக்கும் மாரியாத்தாளுக்கும் ஆவாது." எதிர் வீட்டில் அன்றைக்கு விரதம். வரிசைக் கோடியில், ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் முஸ்லிம் ஃபயர்மேன் ஒருவர் இருந்தார். அவருக்கு வெள்ளிக்கிழமை தடையில்லை, ஆனால் அவர் கையால் அறுத்தால்தான் அவர் வீட்டில் சாப்பிடுவார்கள். அவரோ காட்பாடி வண்டியில் போயிருந்தார், விடிந்தால்தான் வருவார். இப்படியாக, மூன்று மதமும் சேர்ந்து அந்தக் கோழியைக் காப்பாற்றிவிட்டன. அது பாட்டுக்குக் கொல்லையில் மண்ணைக் கிளறி, சின்னச் சின்னக் கற்களாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு கல் உள்ளே போகும்போதும் அப்பா, "ஐயோ, அம்மி உள்ள எறங்குது" என்று தலையில் கை வைத்தார்.

அக்காதான் கடைசியாகக் கேட்டாள். "எம்மா, அறுத்து உப்புக்கண்டம் போட்டுர்லாம். நாளைக்கி தின்னுக்கலாம். சட்டத்துக்கு அது தப்பில்லியே."

அது சரியான யோசனை. எங்கள் பங்குச் சாமியாரைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பார். அம்மா கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு, "வெள்ளிக்கெழம இந்த வீட்ல ரத்தம் விழக் கூடாது" என்றாள்.

"ஒரு கோழி பெருசா, என் படிப்பு பெருசா?"

அம்மா கோழியைப் பிடித்து வேறொரு கூடையைக் கவிழ்த்து மூடினாள். மேலே அம்மிக் குழவியை வைத்தாள். மீனை ஆய உட்கார்ந்தாள். அன்று மீன் குழம்பை யாரும் தொடவில்லை. அக்கா கூடைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, முத்து வெளியே வந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோழிக்கு எங்கள் டாக்டரின் புத்தி இல்லை. உள்ளே போனதை வெளியே விடவில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் ஃபயர்மேன் வந்து அறுத்துக் கொடுத்தார். இரைப்பையைக் கிழித்துத் தண்ணீரில் அலசினாள் அம்மா. முத்து இருந்தது. கொத்தமல்லி விதையாகப் போனது கேப்பை அளவில் வந்தது. ஆனால் அந்த மினுமினுப்பை என்னவென்று சொல்வேன்? அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எங்கள் இருட்டுச் சமையலறையில் அம்மாவின் ஈர விரல் நுனியில் தனியாக ஒரு வெளிச்சம் நின்றது. அப்பா பெருமையோடு, "பாத்தியா, பாய் சொன்ன மாதிரியே" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பாய் வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எடை பாதியா கொறஞ்சா வெலையும் பாதின்னு நெனைக்காதீங்க தங்கச்சி. முத்துக் கணக்குல அது காலா கொறஞ்சிடும். இது பாதியும் இல்ல." அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்."

"நீங்க ஜல்தியான்னு சொன்னீங்க பாய். கேக்காதது நாங்க" என்றாள் அம்மா.

கோழிக் குழம்பு மணத்தது. பாயையும் சாப்பிடச் சொன்னோம். ஃபயர்மேன் கையால் அறுத்தது என்பதால் அவரும் உட்கார்ந்தார். அக்கா சாப்பிடவில்லை. அந்த வருஷம் அவள் திண்டிவனத்துக்கும் போகவில்லை.

ஆனால் முகையூர் மாப்பிள்ளைக்கும் அவளைக் கொடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அம்மா விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் கிடங்குக்கு வேலைக்குப் போனாள். தன் பெண்சாதி கூலிக்குப் போவதில்லை என்பது அப்பாவின் பெரிய கௌரவம். முத்துக்கு அடுத்தபடி அதைத்தான் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை தடுத்துப் பார்த்தார். "மூக்குத்திதான் போச்சே, அப்புறம் எதுக்கு வெட்டி பந்தா?" என்று கேட்டுவிட்டு அம்மா நடந்தாள். சாயங்காலம் திரும்பும்போது தலைமுடியெல்லாம் மல்லாட்டைத் தொலி ஒட்டியிருக்கும். மறுவருஷம் அக்கா தகரப் பெட்டியோடு திண்டிவனம் வண்டி ஏறினாள். யுத்தம் முடிவதற்குள் வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். நான் படித்தது முழுக்க அவள் சம்பளத்தில்.

கேப்பை முத்து கொஞ்ச நாள் ஒரு சிப்பி ஓட்டில் பஞ்சு சுற்றிக் கிடந்தது. குவார்ட்டர்ஸ் மாறியபோது எங்கேயோ போய்விட்டது. பாய் யுத்தத்துக்குப் பிறகு வரவில்லை. அவர் பிள்ளைகள் அரபு நாட்டுக்குப் போனதாகக் கேள்வி. முத்துக்காக இல்லை, எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு. மல்லாட்டைக் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது சினிமாக் கொட்டகை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையில் சாமியார் ஒரு செய்தி சொன்னார். இனிமேல் தவக்காலம் தவிர மற்ற வெள்ளிக்கிழமைகளில் கறி விலக்குவது கட்டாயமில்லை, வேறு ஏதாவது ஒறுத்தல் செய்தால் போதும் என்று. அம்மா அப்போது என்னோடு இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எம்மா, இத்த முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா அக்காவோட முத்து தப்பிச்சிருக்குமே" என்றேன்.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "சட்டத்துக்காக இல்லடி" என்றாள்.

"பின்ன?"

"நீ மூணு வயசுல காச்சலா கெடந்த. வாயில தண்ணி எறங்கல. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. வெள்ளிக்கெழமையில எங்க வீட்ல ஒரு உசுரும் போவாது, இந்த ஒண்ண மட்டும் உட்டுருன்னு மாதாகிட்ட வேண்டிக்கினேன். உட்டுட்டா."

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? உங்க அக்காகிட்டயா? சொல்லியிருந்தா அப்பறம் அவ உன்ன எப்படிப் பாத்திருப்பா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுத்த மொச்சையை எடுத்தாள்.

அக்கா இப்போது திண்டிவனத்தில் தலைமையாசிரியை. பிள்ளைகள் கூடினால் வெள்ளிக்கிழமைக் கோழிக் கதையை அவள்தான் சொல்வாள். அம்மா மாதிரியே கூடையை இடுப்பில் வைத்து நடித்துக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மீதியை நான் அவளிடம் சொல்லவில்லை. அம்மா சொல்லாததை நான் சொல்வது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

சட்டம் போன பிறகும் அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு கோழியும் அறுபடவில்லை. அவள் போன பிறகு சில மாதங்கள் அப்படியே நடந்தது. பிறகு நின்றுவிட்டது. யாரும் தீர்மானித்து நிறுத்தவில்லை. ஒரு நாள் விருந்தாளிகள் வந்தார்கள், கறி வாங்கி வந்தோம், குழம்பு நன்றாக இருந்தது என்றார்கள். எல்லோரும் எழுந்து கை கழுவப் போன பிறகு, இலைகளை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அன்றைக்கு என்ன கிழமை என்பது எனக்கு ஞாபகம் வந்தது.